துரைசானிக்குக் குளிர் ஆகாது

"டிக்" என்று ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டது. சகாயநாதன் கையில் பிடித்திருந்த கண்ணாடிக் குழாய் குறுக்காக விரிசல் விட்டு, மீன் தொட்டித் தண்ணீர் அதற்குள் மெல்ல ஏறியது. விரல் நுனியிலிருந்து தோள்வரை ஓர் எறும்புக் கூட்டம் ஓடியதுபோல் இருந்தது. மறுகணம் சுவரிலிருந்த ப்யூஸ் புகைந்து அணைந்தது.

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த தேவம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பாசி புடிச்சிருந்தது, தொடைச்சேன்," என்றார் சகாயநாதன்.

அது உண்மைதான். துடைப்பதற்காக வெளியே எடுத்தவர் சுவிட்சை அணைக்க மறந்திருந்தார். தண்ணீருக்கு வெளியே இருந்த ஹீட்டர் அவர் துடைக்கத் துடைக்கச் சூடேறிக்கொண்டே வந்தது. கை சுட்டது. சுடுகிறதே, ஆறட்டும் என்று குளிர்ந்த தண்ணீரில் முக்கினார். சீமையிலிருந்து கப்பலில் வந்த ஹீட்டர் அது. மைசூரில் அதுபோல் இன்னொன்று கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலாம் வருஷம், டிசம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக யாதவகிரிக்கு வந்திருந்தார். அலுவலகத்துச் சூப்பரிண்டெண்டு நாராயணஸ்வாமி வீட்டு மீன்களுக்குப் பொறுப்பேற்று அன்றோடு இரண்டு நாள் ஆகியிருந்தது.

சகாயநாதன் சோம்பேறியல்ல. அக்கறையில்லாதவரும் அல்ல. அக்கறை அளவுக்கு மீறிப்போனதுதான் அவர் கஷ்டம். அலுவலகத்துச் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிஷம் பின்தங்கி ஓடியபோது அவர்தான் நாற்காலி போட்டு ஏறி அதைச் சரிசெய்தார். அன்றைக்கு நின்றது நின்றதுதான். நகலெடுக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறேன் என்று போட்டார். அடுத்த ஒரு மாதம் அலுவலகத்திலிருந்து போன சுற்றறிக்கை எல்லாம் பஜ்ஜி மடித்த காகிதம்போலப் போயின. வீட்டில் அவர் மனைவி பெட்டி, பெரியாஸ்பத்திரியில் நர்ஸ், அவருக்கு மட்டும் எவர்சில்வர் தம்ளரில்தான் காபி கொடுப்பாள். கண்ணாடி தம்ளர்கள் அலமாரியின் மேல் தட்டில் இருந்தன. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் நாராயணஸ்வாமி வெள்ளிக்கிழமை மத்தியானம் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆடி மாதத்தில் அவர் மனைவி கனகலக்ஷ்மி இறந்துபோயிருந்தாள். அஸ்தியை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவேரியில் கரைத்துவிட்டு, ஒரு பங்கை மட்டும் செம்பில் வைத்திருந்தார். அவள் பார்க்க ஆசைப்பட்டுப் பார்க்காமலே போன காசிக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறார். திரும்பிவர மூன்று வாரம் ஆகும்.

"எங்காத்துல மீன் இருக்கு, சகாயம். அவளோடது. ஒரு நாளைக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தாப் போறும்."

சகாயநாதனுக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. அடுத்த மேஜையில் சாம்பு இருந்தான். பென்சிலைச் சீவினால்கூடச் சீவலைக் காகிதத்தில் மடித்துக் கூடையில் போடுகிறவன். அவனை விட்டுவிட்டுத் தன்னையா?

"நானா சார்?"

நாராயணஸ்வாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாவியை மேஜைமேல் நகர்த்தினார். "இதுக்கு நீர்தான் சரியான ஆள்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சகாயநாதன் வீடுவரை சுமந்துகொண்டு போய், பெட்டியிடம் அப்படியே ஒப்பித்தார். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில், உயிருள்ள ஒன்றை ஒருவர் தன் கையில் நம்பிக் கொடுப்பது இதுதான் முதல் தடவை என்றார். பெட்டி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

தொட்டி சாமானியப்பட்டதல்ல. ஐந்தடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரும்புச் சட்டம், கற்பலகை அடிப்பாகம், நான்கு பக்கமும் கண்ணாடி. சுதந்திரம் வந்த வருஷம் ஊரைவிட்டுப் போன ஓர் இங்கிலீஷ்காரத் தம்பதி ஏலம் போட்ட சாமான்களோடு சாமானாக, ஹீட்டரோடும் மீன்களோடும் கனகலக்ஷ்மி அதை வாங்கினாள். குழந்தையில்லாத வீடு. செக்கச் சிவந்த, வாலில் கத்தி செருகினாற்போன்ற மீன்கள் ஐந்து. உடம்பெல்லாம் முத்துப்புள்ளி வைத்த மீன்கள் நான்கு. பிறகு, முழங்கை வரைக்கும் பட்டு அங்கவஸ்திரம் தொங்கவிட்டாற்போல் துடுப்பு நீண்ட வெள்ளி மீன்கள் இரண்டு. அந்த இரண்டுக்கும் பழைய எஜமானர்களின் ஞாபகமாகத் துரை, துரைசானி என்று பெயர் வைத்தாள். எல்லாம் உஷ்ணதேசத்து மீன்கள். குளிர் ஆகாது. அதிலும் துரைசானிக்குக் கொஞ்சமும் ஆகாது என்று தேவம்மா சொன்னாள்.

தேவம்மா கௌதள்ளிக் கிராமத்துக்காரி. பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் பெருக்கி, பாத்திரம் துலக்குகிறவள். சகாயநாதன் முதல்நாள் வந்தபோது தொட்டியின்மேல் கனமான ஜமக்காளம் ஒன்று நாலு பக்கமும் தரைவரை தொங்கப் போர்த்தியிருந்தது. குளிருக்காகப் போர்த்தியிருக்கிறார், எவ்வளவு கவனமான மனிதர் என்று நினைத்துக்கொண்டார். அம்மா போனதற்குப் பிறகு மீன்களுக்குத் தீனி போடுவது யார் என்று கேட்டதற்கு, "நாந்தானுங்க" என்றாள் தேவம்மா. இவளே ஐந்து மாதம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தான் எதற்கு என்று ஒரு கேள்வி அவருக்குள் எழாமலில்லை. மின்சார சமாசாரம் இருக்கிறதே, படித்தவன் ஒருவன் வேண்டாமா என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

அந்த மின்சார சமாசாரம்தான் இப்போது இரண்டாகப் பிளந்து மேஜைமேல் கிடந்தது.

முதலில் சகாயநாதனுக்குத் தோன்றியது வெந்நீர். தேவம்மா கொல்லைப்புறக் குளியலறையில் ஹண்டே என்கிற வெந்நீர் அண்டாவின் அடுப்பைப் பற்றவைத்தாள். செம்பு செம்பாக மொண்டு வந்து அவர் தொட்டியில் ஊற்றினார். ஊற்ற ஊற்றத் தண்ணீர் ஏறியது. இருபதாவது செம்பில் விளிம்பைத் தாண்டி வழிந்து, கூடத்து ரத்தினக் கம்பளத்தை நனைத்து, பூஜை அறை வாசற்படியைத் தொட்டது. இருவரும் சேர்ந்து தண்ணீரை மொண்டு வெளியே கொட்டினார்கள். கொட்டியபிறகு பார்த்தால், இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டுச் சூடாக்கிய மேல் தண்ணீரைத்தான் கொட்டியிருந்தார்கள்.

சூடு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் திண்டாடுகிறோம் என்று, மறுநாள் பெட்டியின் தெர்மாமீட்டரைச் சொல்லாமல் எடுத்து வந்தார். தண்ணீரில் வைத்தார். பாதரசம் ஏறவே இல்லை. பயந்துபோய் ஹண்டேயில் வைத்துப் பரீட்சித்தார். பாதரசம் ஒரே ஓட்டமாக ஓடி, உச்சியில் முட்டி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போயிற்று.

"அது காய்ச்சல் பார்க்கறதுக்கு," என்றாள் பெட்டி அன்று சாயங்காலம். "தொண்ணூத்தி நாலு டிகிரிக்குக் கீழே அதுல கோடே கிடையாது. சும்மா விட்டுருங்களேன். அவர் வந்ததும் உண்மையைச் சொல்லிடலாம்."

"மூணு வாரம் தாங்காது பெட்டி."

"தாங்காட்டா மீன்தானே."

கனகலக்ஷ்மியைச் சகாயநாதன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முந்தி, ஓர் ஆயுதபூஜையன்று, அந்த அம்மாள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். பிரசாதத் தட்டைச் சகாயநாதன்தான் தவறவிட்டார். தரையெல்லாம் பொரியும் கடலையும் சிதறின. எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து கூடவே பொறுக்கினாள். "எங்காத்துலயும் இப்படித்தான், எனக்கும் கை நிக்காது," என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அது பொய்யென்று அவருக்கு அப்போதே தெரியும். இப்போது அந்த வீட்டைப் பார்த்தபிறகு நன்றாகவே தெரிந்தது. ஒரு கீறல் விழுந்த சாமான்கூட அங்கே இல்லை.

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு சயாஜி ராவ் ரோட்டில் எலெக்ட்ரிக் சாமான் கடை கடையாக ஏறி இறங்கினார். மீனுக்கு ஹீட்டர் என்றதும் முதல் கடைக்காரர், மீன் கறிக்கு ஸ்டவ் இருக்கிறது என்றார். கடைசிக் கடையில் குளிக்கிற தண்ணீரைச் சுடவைக்கும் பித்தளைக் கம்பி ஒன்று கிடைத்தது. ஆயிரம் வாட். தொட்டி பெரிதாயிற்றே, ஹீட்டரும் பெரிதாக இருந்தால்தானே நல்லது என்று அவர் கேட்டார். கடைக்காரரும் ஆமாம், பெரிதென்றால் பெரிதுதான் என்று ஒத்துக்கொண்டார்.

எரிந்துபோன ப்யூஸை மாற்றிவிட்டு, பித்தளைக் கம்பியைத் தொட்டியின் ஒரு மூலையில் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டார். கால் மணி நேரத்தில் அந்த மூலையிலிருந்து ஆவி எழுந்தது. பதினொரு மீனும் எதிர்மூலையில் ஒன்றன்மேல் ஒன்று அடைந்து நின்றன. சகாயநாதன் பதறிப்போய்த் தண்ணீரைக் கலக்கக் கையை விட்டார். மின்சாரம் கையைத் தோளோடு உதறி அவரைப் பின்னால் தள்ளிற்று. அவர் விழுந்த இடத்தில் நல்லவேளையாகக் கம்பளம் இருந்தது. நல்லவேளையல்லாத விஷயம், அது இன்னும் ஈரமாகவே இருந்தது. தேவம்மா ஓடிவந்து விளக்குமாற்றுக் கட்டையால் சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.

தண்ணீர் அடங்கியபோது முத்துப்புள்ளி மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது.

சகாயநாதன் அதை இரண்டு கையாலும் எடுத்தார். உள்ளங்கையில் அது மெழுகுபோலக் கிடந்தது. முத்துக்கள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டே வந்தன. கொல்லையில் நந்தியாவட்டைச் செடிக்குக் கீழே ஒரு சாண் பள்ளம் தோண்டிப் புதைத்தார். பிராமண வீட்டு மீனுக்குப் பரலோகமந்திரம் சொல்லலாமா என்று தெரியவில்லை. பாதிவரை சொல்லி நிறுத்தினார். பிறகு நிறுத்தியது தப்பென்று தோன்றி முழுவதையும் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் தேவம்மா பின்னால் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, நீங்க எதுக்கு இத்தனை பாடு படறீங்க? உட்டுருங்களேன்."

"என்னை நம்பிக் குடுத்துட்டுப் போயிருக்காரு தேவம்மா."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தன்மேல் இரக்கப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பெரிய சூடு ஆகாது, சின்னச் சூடாக, நிதானமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் இதிலிருந்து கற்றது. அதுவரையில் சரிதான். அதற்காக அவர் செய்ததுதான் சரியில்லை. தொட்டி நின்ற இரும்பு ஸ்டாண்டுக்குக் கீழே இரண்டு லாந்தர்களை ஏற்றி வைத்தார். அடியில் கற்பலகை, அதைத் தாங்கிக்கொள்ளும். அன்று இரவும் மறுநாளும் தண்ணீர் இளஞ்சூடாகவே இருந்தது. சகாயநாதன் அலுவலகத்தில் சாம்புவைக் கொஞ்சம் தலை நிமிர்த்தியே பார்த்தார். துரைசானி ஆசனத்திலிருந்து எழுந்துவந்தவள்போல் நடுத்தொட்டிக்கு வந்து நின்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் போனபோது கூடத்தின் சுவரும் விட்டமும் கரியேறிக் கிடந்தன. அதைவிட மோசம், தொட்டி அழுதுகொண்டிருந்தது. சூட்டில் கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருந்த பட்டி இளகி, இரண்டு மூலைகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. லாந்தர் ஒன்று அந்த ஈரத்தில் அணைந்துபோயிருந்தது. தண்ணீர் நாலு விரல் இறங்கிவிட்டது. துரைசானி அடித்தளத்தில், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். துரை அவளைவிட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

சகாயநாதன் ஒரு மூலையில் மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்தார், இன்னொரு மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரலை எடுத்தால் தண்ணீர் வந்தது. அதனால் எடுக்கவில்லை. பெட்டியை அழைத்துவரத் தேவம்மாவை அனுப்பினார்.

பெட்டி டியூட்டி உடுப்போடு, தன் தம்பி வால்டரையும் கூட்டிக்கொண்டு ஜட்காவில் வந்து இறங்கியபோது அவர் இரண்டு மணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருந்தார். கூடத்தையும், கரியையும், கம்பளத்தையும், கணவரின் வெளுத்துச் சுருங்கிப்போன கட்டைவிரலையும் பெட்டி பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் விரலை நகர்த்திவிட்டுத் தன் விரலை அங்கே வைத்தாள்.

"கொஞ்ச நேரம் கையை உதறுங்க," என்றாள்.

வால்டர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். அதிகம் பேசாதவன். பாக்கெட்டிலிருந்து அளவுநாடாவை எடுத்துத் தொட்டியை அளந்தான், ஒரு சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டான்.

"எழுபது காலன் தண்ணி. காலனுக்கு மூணு வாட்டு போதும் அத்தான். இருநூறுக்கு மேல தேவையே இல்ல. நீங்க ஆயிரம் போட்டிருக்கீங்க."

"அப்ப இருநூறுல ஒண்ணு பண்ணிக் குடு."

"ஒண்ணு வேணாம். நூறு நூறா ரெண்டு. இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு. ஒண்ணு நின்னுபோனாலும் இன்னொண்ணு விடியற வரைக்கும் தாங்கும். அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும், ஒத்தையா இத்தனை தண்ணியைக் கொதிக்க வைக்க அதுக்கு பலம் இருக்காது."

சகாயநாதன் அதைக் கேட்டுக்கொண்டே தொட்டிக்குள் பார்த்தார். ஒன்று நின்றுபோனால் இன்னொன்று தாங்கும். மனிதர்கள் விஷயத்தில் அப்படி யாரும் ஏற்பாடு செய்து வைப்பதில்லையே என்று அவருக்குத் தோன்றியது.

இரண்டு மூலைகளையும் வால்டர் அன்றே பட்டி வைத்து அடைத்தான். ஹீட்டர்கள் தயாராக மூன்று நாள் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட தடித்த கண்ணாடிக் குழாய்கள் இரண்டைப் பெட்டி கேட்டு வாங்கி வந்தாள். வால்டர் அவற்றுக்குள் கம்பிச் சுருளை வைத்து, சுற்றிலும் மணல் நிரப்பி, வாயை ரப்பரால் இறுக்கி அடைத்தான். கோழிக்குஞ்சு பொரிக்கும் பழைய பெட்டி ஒன்றிலிருந்து, சூடு ஏறினால் தானே அணைத்து, ஆறினால் தானே ஏற்றும் சின்னப் பொறி ஒன்றைக் கழற்றி வந்து பொருத்தினான். அந்த மூன்று நாளும் வெந்நீர்ப் பைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பகலில் தேவம்மா, சாயங்காலம் சகாயநாதன். பைகள் பெட்டியின் வார்டிலிருந்து வந்தவை. அங்கே எந்த நோயாளி அதனால் குளிரில் கிடந்தாரோ தெரியாது.

சுவிட்சைப் போடும்போது வால்டர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தான். அத்தான் தொடக்கூடாது. சகாயநாதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து இரண்டு வாரமும் அந்தக் கூடத்தில் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார். பாசியைப் பார்த்தும் துடைக்கவில்லை. குளிக்கிற தண்ணீர் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பெட்டி தொட்டியின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தாள். பாதரசம் எழுபத்தெட்டில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ஒரு விஷயம் தன் கண்ணெதிரே கெடாமல் இருப்பதைப் பார்ப்பது அவருக்குப் புதிய அனுபவம்.

கிறிஸ்மஸ் அன்று காலை துரைசானி தீனி எடுத்தாள்.

பெட்டி கல்கல் பலகாரமும் கேக்கும் கட்டிக்கொண்டு யாதவகிரிக்கே வந்துவிட்டாள். தேவம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, மூவரும் வெளி வராந்தாவில் உட்கார்ந்து தின்றார்கள். பிறகு பெட்டி உள்ளே போய்த் தொட்டியின் முன் வெகுநேரம் நின்றாள். கூடத்தில் பிரம்பு நாற்காலி ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று எங்கே என்று கேட்டாள். முன்னே ஐயாவும் அம்மாவும் தினம் சாயங்காலம் இந்த மீன்களுக்கு எதிரே உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தேவம்மா சொன்னாள். அம்மாவின் நாற்காலியை ஐயாவே பரணில் ஏற்றிவிட்டார். அப்புறம் இந்தப் பக்கமே வருவதில்லை, சமையலறையிலேயே சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார் என்றாள்.

"பாவம். அவர் வந்து பார்த்தா மனசு நெறைஞ்சுடும்," என்றார் சகாயநாதன்.

பெட்டி தேவம்மாவைப் பார்த்தாள். தேவம்மா தரையைப் பார்த்தாள்.

வருஷக் கடைசியில் ஒரு நாள், தொட்டிக்குள் செடிகளுக்கிடையே கடுகு கடுகாக ஏதோ துடிப்பதைப் பெட்டிதான் முதலில் கண்டாள். செந்நிறக் கத்திவால் மீன் குட்டி போட்டிருந்தது. சகாயநாதன் எண்ணிப் பார்த்தார். முப்பது வந்தது, மறுபடி எண்ணினால் முப்பத்து நான்கு. அவற்றைத் துரையும் துரைசானியும் விழுங்கிவிடாமல் இருக்க, பெட்டி கொசுவலைத் துணியால் ஒரு மூலையைத் தடுத்தாள்.

ஜனவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாராயணஸ்வாமி வந்து இறங்கினார். சகாயநாதன் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார். கூடத்துச் சுவருக்கு வால்டர் சுண்ணாம்பு அடித்திருந்தான். கம்பளம் வெயிலில் காய்ந்து மறுபடி விரிக்கப்பட்டிருந்தது. ஜமக்காளத்தை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தார். காலை வெயில் தொட்டியின் குறுக்கே விழுந்து, எதிர்ச்சுவரெல்லாம் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

நாராயணஸ்வாமி மொட்டைத் தலையும் கையில் கங்கைச் செம்புமாக உள்ளே நுழைந்தவர், கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இருக்கா?" என்று கேட்டார்.

சகாயநாதன் ஹீட்டர் உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். முத்துப்புள்ளி மீன் செத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிற்று. "என் தப்புதான் சார். மன்னிச்சுக்கணும். ஒண்ணு போயிடுச்சு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார். சத்தியமா. ஆனா குட்டி முப்பத்து நாலு இருக்கு."

நாராயணஸ்வாமி செம்பைக் கீழே வைத்தார். பிரம்பு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மெல்லச் சுற்றி வந்து, அதில் உட்கார்ந்தார். கையை உயர்த்திக் கண்ணாடியில் வைத்தார். துரைசானி நீந்தி வந்து, அந்தக் கைக்கு எதிரே, துடுப்பை விரித்து நின்றாள். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தமே இல்லாமல் அழுதார். சகாயநாதன் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் பூட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உம்மைப் பத்தி நான் தப்புக்கணக்குப் போட்டுட்டேன், சகாயம்," என்றார் நாராயணஸ்வாமி கடைசியில், திரும்பிப் பார்க்காமலே.

இப்படி ஒரு பாராட்டைச் சகாயநாதன் தன் உத்தியோக வாழ்க்கையில் கேட்டதில்லை. சாவியை மேஜைமேல் ஓசைப்படாமல் வைத்துவிட்டு வெளியே வந்தார். நாளைக்கு இதைச் சாம்புவின் காதில் விழும்படி எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தார்.

வெளிக் கேட்டருகில் தேவம்மா நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. உள்ளே பேசியது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, நாற்காலியில உக்காந்துட்டாருங்களா?"

"உக்காந்துட்டார். துரைசானியைப் பார்த்து அழுதுட்டார்," என்றார் சகாயநாதன். "என்ன நம்பிக்கை இருந்தா, ஆபீசுல அத்தனை பேரை விட்டுட்டு என் கையில ஒப்படைச்சிருப்பாரு. அதை நெனச்சாத்தான் எனக்கும் அழுகை வருது தேவம்மா."

தேவம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கிட்ட மறைக்க எனக்கு மனசு வரலீங்க," என்றாள். "அம்மா போனதுலேருந்து அதுகளக் கண்ணால பாக்கவும் முடியல, கையால கொல்லவும் முடியல அவருக்கு. எங்கிட்ட உட்டாப் பொழச்சுக்கும்னுதானுங்க, சாவிய உங்க கையில குடுத்துட்டுப் போனாரு."